வெறுங்கால் யாருடைய ஆரோக்கியம்?

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்ணில் நடங்கள், நோய் பறந்துபோகும் என்கிற மாதிரியான கட்டுரைகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. வார இதழின் நல்வாழ்வுப் பக்கம், நாளிதழின் ஞாயிறு இணைப்பு, காலை நேரத் தொலைக்காட்சி மருத்துவர் என எங்கு பார்த்தாலும் இதே பேச்சு. புல்தரையில் நடந்தால் ரத்த அழுத்தம் குறையும். மண்ணை மிதித்தால் தூக்கம் வரும். பூமியிலிருந்து மின்னணுக்கள் உள்ளங்கால் வழியாக ஏறி உடம்பு வீக்கத்தை வடிக்கும். எங்கே தொடங்கினாலும் கடைசியில் எல்லாம் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: நம் முன்னோர்கள் செருப்பில்லாமல்தான் நடந்தார்கள், நோயில்லாமல் வாழ்ந்தார்கள்.

இதையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு கேள்விகள். சொல்வது உண்மையா? சொல்வது யாருடைய காலைப் பற்றி? முதல் கேள்வியை டாக்டர்களிடம் விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பேசுவது நம்ம ஆட்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அறிவியலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அரசியலை மட்டும் நாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

வெறுங்காலுக்குச் சாதகமான ஆய்வுகள் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. 1992இல் வெளியான ஓர் ஆய்வு தென்னிந்தியாவில் 4 வயது முதல் 13 வயது வரையுள்ள 2,300 பிள்ளைகளின் காலடித் தடத்தை எடுத்துப் பார்த்தது. காலில் ஏதாவது போட்டு வளர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். எதுவும் போடாமல் வளர்ந்தவர்களில் 2.8 பேருக்கு. மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். செருப்புப் போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. 2010இல் வெளியான இன்னொரு ஆய்வு, பழக்கமாகவே வெறுங்காலில் ஓடும் கென்ய ஓட்டக்காரர்கள் குதிகாலை முட்டாமல் முன்பாதத்தை ஊன்றி இறங்குகிறார்கள், அதனால் தரையின் மோதல் குறைகிறது என்று காட்டியது. 2019இல் வெளியான ஆய்வின்படி, வெறுங்காலில் நடப்பவர்களுக்குக் காய்ப்பு தடித்தாலும் பாதத்தின் உணர்வு மழுங்குவதில்லை. அமெரிக்காவின் ஆரெகனில் 60 வயதைத் தாண்டிய 108 பேரை வைத்துக் கூழாங்கல் மாதிரியான மேடுபள்ளமுள்ள விரிப்பில் 16 வாரம் நடக்க வைத்தார்கள். 2005இல் வந்த முடிவு: சாதாரணமாக நடந்தவர்களைவிட இவர்களுக்கு உடம்பின் சமநிலையும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் மேம்பட்டன.

ஆகக்கூடி, வளரும் பிள்ளையின் காலுக்கும், தசைக்கும், தடுமாறாமல் நிற்பதற்கும் வெறுங்கால் உதவும். எந்த இடத்தில்? சுத்தமான, பாதுகாப்பான தரையில். ஆரெகன் கிழவர்கள் நடந்தது விரிப்பின் மேலே. ஏரிக்கரையில் அல்ல.

மின்னணுக் கதை வேறு ரகம். பூமியைத் தொட்டால் உடம்பும் பூமியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதனால் நாட்பட்ட வீக்கம் வடியும், ரத்தம் இளகும் என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும். ரத்தம் இளகுகிறது என்று காட்டும் 2013ஆம் ஆண்டு ஆய்வில் இருந்தவர்கள் பத்தே பேர். இந்தக் கொள்கையைப் பரப்பிய 2012ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்களில் சிலர், இந்த ஆய்வுகளுக்குப் பணம் கொடுக்கும் கம்பெனியில் தங்களுக்குப் பங்கு இருக்கிறது என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். இதற்கென்று தனியாகப் பாய், படுக்கை விரிப்பு எல்லாம் விற்பனைக்கு இருக்கின்றன. மண்ணையும் காசாக்கத் தெரிந்தவர்கள்.

நல்வாழ்வுப் பக்கங்கள் சொல்லாமல் விடும் கதை ஒன்று உண்டு. கொக்கிப்புழு. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈர மண்ணில் பொரிந்து, சில நாளில் கண்ணுக்குத் தெரியாத இளம்புழுவாகி, மிதிக்கிற காலுக்காகக் காத்திருக்கும். விரல் இடுக்கில் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய்க் கவ்விக்கொள்ளும். அங்கே உட்கார்ந்து வருஷக்கணக்கில் ரத்தம் குடிக்கும். தோல் வழியாக நுழைகிறது என்பதை 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர் தன் கையில் புழு கலந்த நீர் பட்டபோது கண்டுகொண்டார். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழைகளிடம் இது பரவிக் கிடந்தது. 1909இல் ராக்பெல்லர் பணத்தில் அங்கே ஒழிப்பு இயக்கம் தொடங்கினார்கள். மருந்து, கக்கூஸ், காலுக்குச் செருப்பு. அந்தப் புழுவுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘சோம்பேறிக் கிருமி’. ரத்தம் வற்றி, மூச்சு வாங்கி, நிழலில் உட்கார்ந்த கூலிக்காரனைத்தான் அதுவரை சோம்பேறி என்று வைதிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எங்க பக்கத்து மிராசுதார் வீட்டுப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. “சேரிப் பயலுவளுக்கு உடம்பு வளையாது.” எத்தனை தலைமுறை அந்த வசவை வாங்கியது! சாணியிலும் சேற்றிலும் கால் ஊறி, சோகை பிடித்து, களத்துமேட்டில் குந்திய மனுசனுக்கு என்ன வியாதி என்று யார் பார்த்தார்கள்?

கொக்கிப்புழு மட்டுமா? நடவு, களையெடுப்புக் காலத்தில் சேற்றுப்புண். அதற்கு மருதாணியை அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாள் மறுபடி அதே சேற்றில் இறங்குவார்கள். கருவேல முள். ஆணி குத்தினால் வில்வாதம் என்கிற ரணஜன்னி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது, வருஷத்துக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். கடி பெரும்பாலும் காலில்.

ஓட்டப்பந்தயத்தில் வெறுங்காலுக்குச் சாட்சியாக எத்தியோப்பியாவின் அபெபே பிகிலாவைக் காட்டுவார்கள். 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றார், உண்மை. 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு மறுபடி வென்றார் என்பதைச் சொல்வதில்லை. அதே எத்தியோப்பியாவில் எரிமலைச் செம்மண்ணில் காலம் பூராவும் வெறுங்காலோடு உழும் விவசாயிகளுக்கு யானைக்கால் மாதிரியே கால் வீங்குகிறது. அதில் புழுவும் இல்லை, கொசுவும் இல்லை. மண்ணின் நுண்துகள்தான் காரணம். சிறு வயதிலிருந்தே ஷூ போட்டால் அந்த நோய் வராது.

இனி ‘நம் முன்னோர்’ விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் எம்.ஏ. படித்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம், யாராவது ‘நாம்’ என்றால் கவனிப்பது. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே. நாங்கள் என்றால் அவர் வெளியே. குடியிருக்க ‘நாங்கள்’ ஊரும் ‘நீங்கள்’ சேரியுமாகப் பிரித்து வைத்தவர்கள், பெருமை பேசும்போது மட்டும் ‘நம்’ என்று எங்களையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். நோயில்லாமல் வாழ்ந்தார்களாம். நாடு விடுதலை அடைந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது அளவில்தான் இருந்தது. பிறந்த வேகத்தில் செத்த பிள்ளைகளும் அந்தக் கணக்கில் அடக்கம். நோயில்லாத முன்னோர் யார் என்று கொஞ்சம் காட்டுங்கள்.

செருப்பில்லாமல் நடந்தார்கள் என்பதிலும் ஒரு இலக்கண மோசடி இருக்கிறது. நடந்தார்களா, நடத்தப்பட்டார்களா? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. சட்டை கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. எட்டாவது தடை: ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பும் போடக்கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. வெறுங்கால் நடையின் நன்மைகளைப் பட்டியலிடும் எந்தக் கட்டுரையிலும் இந்த எட்டாவது தடை வராது.

1930 எதற்கு? எங்க அய்யா டயர் செருப்புப் போடுவார். ஊர்த்தெரு முனை வந்ததும் குனிந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். துண்டு ஏற்கெனவே அங்கேதான் இருக்கும். சித்திரை வெயிலில் தார்ரோட்டில் நான் துள்ளித் துள்ளி நடப்பேன், அவர் நிதானமாக நடப்பார். நான் அப்போது அஞ்சாம் வகுப்பு. தார் கொப்புளித்து ஒட்டிய அந்த உள்ளங்காலில் எத்தனை மின்னணு ஏறியிருக்கும் என்று அந்த விஞ்ஞானிகளைத்தான் கேட்க வேண்டும்.

இலக்கியத்தில் செருப்புக்குப் பஞ்சமில்லை. பெரும்பாணாற்றுப்படை வழிப்போகும் வணிகரின் காலுக்குக் காப்பு மாட்டிவிடுகிறது. கம்பனில் இராமனின் பாதுகை நாடாள்கிறது. பெரிய புராணத்தில் கண்ணப்பரின் செருப்புக் கால் லிங்கத்தின் மீதே படுகிறது, பக்தி என்று கொண்டாடுகிறார்கள். வகுப்பறையில் இந்த மூன்றையும் பாடமாகக் கேட்டேன். தோலை உரித்து, ஊறவைத்து, தைத்துக் கொடுத்த அருந்ததியர் தெருவைக் கடக்கும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனாரே, அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

இந்த நல்வாழ்வுப் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்த கதையையும் எழுதத்தான் வேண்டும். எங்க அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. தொலைக்காட்சியில் யாரோ சொன்னார்கள் என்று விடியற்காலையில் செருப்பைத் திண்ணையில் விட்டுவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்தது. ஒரு நாள் திரும்பி வந்தபோது வாசல் வரைக்கும் ரத்தத் தடம். கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது, அதுக்குத் தெரியவேயில்லை. நாலு மாசம் கட்டு மாற்றினோம், கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். சர்க்கரை நாள்பட்டால் பாதத்து நரம்பு மரத்துவிடும், வலி சொல்லாத கால் தன்னைக் காத்துக்கொள்ளாது. இதைத் தொழுநோயாளிகளிடம் பார்த்துப் பார்த்துச் சொன்னவர் வேலூரில் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட். விரலை நோய் தின்பதில்லை, வலி தெரியாமல் படும் காயம்தான் தின்கிறது என்றார். மரத்த கால்களுக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புத் தருவது அந்த அறிவிலிருந்து வந்ததுதான். சர்க்கரைக்காரர்கள் வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலில் நடக்கக்கூடாது என்பது மருத்துவத்தின் பாலபாடம். அந்தத் தொலைக்காட்சிப் பேச்சில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் எங்க அம்மாவுக்கு ஒரு விரல் மிஞ்சியிருக்கும்.

கட்டு மாற்றும்போது அம்மா சொன்னது: “அன்னைக்குக் கழட்டுடான்னவன் கம்பைத் தூக்கிக்கிட்டுச் சொன்னான். இன்னைக்கு சிரிச்சுக்கிட்டே சொல்றான். கழட்டுறது என்னமோ நாமதான்.”

கழற்றிய செருப்பை நினைத்தபோது மறுபடி மாட்டிக்கொள்ள முடிகிறவருக்குத்தான் வெறுங்கால் ஒரு பயிற்சி. ஓவியர் எம்.எப். உசேன் விரும்பி வெறுங்காலோடு திரிந்தார். அவரையே 1988இல் பம்பாயின் வில்லிங்டன் கிளப் உள்ளே விட மறுத்தது. பேர் பெற்ற கலைஞனின் விருப்பத்துக்கே அந்தக் கதி என்றால், காலில் ஒன்றும் இல்லாத கூலிக்காரனை எந்த வாசல் மதிக்கும்?

2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பதைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியிருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுத மாட்டார்கள். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில் தலித் மக்கள் சுமார் 60 பேர், அதுவரை செருப்போடு போக முடியாதிருந்த ஒரு தெருவில் தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்களோடு செருப்புப் போட்டு நடந்து காட்டினார்கள். நான் அறிந்த நடைப்பயிற்சிகளில் உடம்புக்கும் மனசுக்கும் ஒருசேர நல்லது செய்தது அதுதான்.

ஆகவே, வெறுங்காலில் நடப்பது நல்லதா என்று யாராவது கேட்டால் நேராகவே பதில் சொல்லுங்கள். சுத்தமான தரை, சர்க்கரை இல்லாத கால், விருப்பப்பட்ட மனசு மூன்றும் இருந்தால் கொஞ்சம் நல்லது. பிள்ளைகளை வீட்டு முற்றத்தில் வெறுங்காலோடு ஓடவிடுங்கள். காலைக் கவ்வும் ஷூவை மாட்டிப் பாதத்தைக் கெடுக்காதீர்கள். மின்னணுவை நம்பிப் பாய் வாங்காதீர்கள். காலனிகளில் மருத்துவ முகாம் நடத்தும் தோழர்கள் ரத்தசோகையைப் பாருங்கள், குடற்புழு மாத்திரை எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள், சர்க்கரைக்காரர்களின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சாக்கடையில் இறங்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு முழங்கால் பூட்ஸ் கொடுக்காத நகராட்சி வாசலில் உட்காருங்கள்.

நல்வாழ்வுப் பக்கம் எழுதுகிறவர்களுக்கும் ஒன்று: அடுத்த முறை செருப்பைக் கழற்றச் சொல்லும்போது, எந்தத் தெருவில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.