பழுதும் திருத்தமும்

1989ல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி வெளியிட்ட கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை ஒரு கலைப் படைப்பாகவே மதிக்கலாம் என்பது என் கட்சி. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய், பழகிப்போன மலிவுச் சரக்கைக் கொண்டே புதிதாக ஒன்று செய்ய வேண்டும் என்ற கொள்கைக்காரர். ஆகவே திரையில் வர்ணமில்லை. பச்சைச் சாயலில் நான்கே நிறபேதம். உள்ளே விளக்கும் இல்லை. அதே வருஷம் வந்த அடாரி லிங்ஸில் வர்ணம், வெளிச்சம் இரண்டும் இருந்தன. அது ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. நான்கு பாட்டரிகளில் அதைவிட வெகுநேரம் ஓடிய கேம் பாய்தான் நிலைத்தது.

இன்று அதை வைத்திருப்பவர்கள் புதுக் கூடு போடுகிறார்கள். ஒளிவிடும் திரை பொருத்துகிறார்கள். நானும் பொருத்தினேன். படம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ஜன்னலோரம் நகர்ந்து, வெளிச்சத்துக்குத் தக்கபடி கையைச் சாய்த்து ஆடிய சுகம் போய்விட்டது. குறை என்று நான் நீக்கியது ஆசிரியனின் சிக்கனத்தை.

கண் மங்குகிற வயதில் விளக்கு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் அதற்குப் பிறகு அதைப் பழைய கருவி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தேய்ந்த பொத்தானை மாற்றுவது அச்சுப் பிழை திருத்துவது போல; செய்யத்தான் வேண்டும். திரையை மாற்றுவது பிறர் கதையின் முடிவைத் திருத்துவது போல.

பழைய திரையைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். நல்லவேளை, எறிந்துவிடவில்லை.