வெட்டுப்புள்ளிப் பட்டியலில் கொட்டாஞ்சேனை எங்கே?

உயர்தரப் பெறுபேறு வந்து சில மாதங்களில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளிகளை வெளியிடும். 25 மாவட்டங்கள், நீண்ட வரிசையில் கற்கைநெறிகள், ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு தசமதானம் வரை இசட் புள்ளி. வெள்ளவத்தை காலி வீதியிலுள்ள கொம்யூனிகேஷன் கடைகளில் அதை அச்செடுக்கும் பெற்றோர் முதலில் கொழும்பைப் பார்ப்பார்கள். அடுத்து வவுனியாவையோ நுவரெலியாவையோ பார்ப்பார்கள். "அங்க படிச்சிருந்தா மெடிசின் கிடைச்சிருக்கும்" என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

தரவை வைத்துப் பல்கலைக்கழகங்களைத் திட்டமிடுவது பற்றி இன்று கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறார்கள். இலங்கையில் அதன் மிகப் பெரிய, மிகப் பழைய பரிசோதனை இந்தப் பட்டியல்தான்.

தொடக்கம் நல்லதாக இருக்கவில்லை. தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளிகளை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்ற வதந்தி ஒரு கொள்கையாகவே மாறியது. 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதும்; தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. அதே ஆண்டில் பேராதனை வரலாற்றாசிரியர் சி.ஆர். டி சில்வா இந்த நிறைப்படுத்தலை எண்களோடு ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஆகவே ஆய்வு இருந்தது, அதைச் செய்யத் தெரிந்தவர்களும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்தார்கள். முடிவு மட்டும் அவர்களைக் கேட்காமல் எடுக்கப்பட்டது. 227, 250 என்பதை நம்மவர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் புள்ளிவிபர நூலைப் புரட்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும்.

2001இல் வந்த இசட் புள்ளி முறை அந்த வகையில் ஒரு முன்னேற்றம். ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை நியம விலகலால் அளந்து, கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒப்பிடக்கூடியதாக்குவது அதன் வேலை. சூத்திரம் பகிரங்கமானது. அதனால்தான் அது பிழைத்தபோது பிடிக்கவும் முடிந்தது. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடை எழுதினார்கள். ஆனால் இசட் புள்ளி இருவரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணிக்கப்பட்டது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தனித்தனியாகக் கணிக்கும்படி 2012இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தரவு ஆளுகைக்கு நம் நாட்டில் கிடைத்த சிறந்த பாடமாக இதைத்தான் கருதுகிறேன். கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் சாதாரண மாணவரால் அதை எதிர்த்து நிற்க முடிந்தது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மொனராகலைப் பிள்ளையும் முல்லைத்தீவுப் பிள்ளையும் மருத்துவ பீடத்தை எட்டிப் பார்ப்பதே அரிது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் மாவட்டம் என்ற அலகுக்கு ஒரு மாவட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடு தெரியாது. கறுவாத்தோட்டத்துப் பெரிய கல்லூரியில் படிப்பவரும், கொட்டாஞ்சேனையில் தோட்டம் எனப்படும் நெரிசல் குடியிருப்பொன்றின் ஒற்றை அறை வீட்டில் இருந்து ரியூட்டரிக்கு நடந்து போகிறவரும் அந்தப் பட்டியலில் கொழும்பு மாவட்டத்தவர்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் பிள்ளைக்கும் நாட்டின் மிக உயர்ந்த வெட்டுப்புள்ளிகளில் ஒன்றே காத்திருக்கிறது.

மாவட்டப் பங்கைத் தீர்மானிக்கும் சனத்தொகை எண்ணிலும் சிக்கல் இருந்தது. போரின் நடுவே நடந்த 2001 குடிசன மதிப்பீடு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக முடிந்தது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வெள்ளவத்தை மாடிவீடுகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கொழும்புப் பாடசாலைகளில் படித்ததால் கொழும்பு மாவட்டத்துக் கணக்கிலேயே போட்டியிட்டார்கள்.

இத்தனை நுணுக்கமும் வாசலோடு நின்றுவிடுகிறது என்பது இன்னொரு குறை. உள்ளே போன பிள்ளைக்கு என்ன ஆயிற்று? தமிழில் உயர்தரம் எழுதிவிட்டு முதலாமாண்டிலேயே ஆங்கிலத்தில் பொறியியல் படிக்கும் மாணவர் எந்தப் பாடத்தில் தடுக்கி விழுகிறார், யார் இடையில் விட்டுப் போகிறார்? சில இடங்களில் பட்டமளிப்பு அங்கி வாங்க வரும் நாளில் வேலை கிடைத்ததா என்று கேட்டு ஒரு படிவத்தை நீட்டுவார்கள். பட்டம் முடிக்காதவர் அங்கி வாங்க வருவதில்லை. ஆகவே தோற்றவர் அந்தக் கணக்கில் ஒருபோதும் இல்லை. 2019 பரீட்சைக்குப் பின் அனுமதி ஏறத்தாழ 10,000 பேரால் கூட்டப்பட்டது. விடுதி, விரிவுரையாளர், ஆய்வுகூடம் ஆகியவற்றின் கணக்கு அந்த முடிவுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். பல பீடங்களில் மாணவர் வந்த பிறகுதான் வந்தது.

தர உறுதிப்படுத்தல் அலகுகள் இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. மீளாய்வுக் குழு வருமுன் சுயமதிப்பீட்டு அறிக்கை தடிப்பாகத் தயாராகும். சான்றுக் கோப்புகள் நிறம் பிரித்து அடுக்கப்படும். விரிவுரையாளர்கள் மாதக்கணக்கில் அதற்கு உழைப்பார்கள். குழு போன பின் அதே தரவு மூதவையில் பாடத்திட்டத்தையோ, பேரவையில் வரவுசெலவையோ எத்தனை தடவை மாற்றியிருக்கிறது? மேலிடத்துக்குக் காட்டத் திரட்டும் தரவு பெரும்பாலும் நல்ல செய்தியையே தேடிப் போகும். கெட்ட செய்தியைத் தேடிப் போகாத அலகை ஆய்வு அலகு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இந்தக் குறைகளைத் தீர்க்கப் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கத் தேவையில்லை. கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலாளர் பிரிவிலும் வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயப் பிரிவிலும் இருக்கின்றன. மாணவரின் முகவரியும் பாடசாலையும் விண்ணப்பத்திலேயே உண்டு. அனுமதி பெற்றோரைப் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாகவும், அவர்களில் பட்டம் முடித்தோரையும் இடைவிலகியோரையும் மொழிமூலம் வாரியாகவும், பெயர் இல்லாமல், ஆண்டுதோறும் மானியங்கள் ஆணைக்குழு வெளியிட வேண்டும். இதைக் கேட்க வேண்டியவர்கள் கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும் பெற்றோர் சங்கங்களுமே. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. கேட்பதற்கு ஒரு விண்ணப்பம் போதும்.