திராவிட - ஆப்பிரிக்க உறவு: ஒரு மதிப்பீடு

தமிழர்க்கும் ஆப்பிரிக்க மக்கட்கும் தொல்லுறவு உண்டு என்னும் கருத்து அறிஞர் சிலரால் ஆர்வத்தோடு எடுத்தோதப்பட்டதாகும். செனெகல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரும் கவிஞருமான லெயோப்போல் செங்கோர் 1974-இல் சென்னைக்கு வந்தபோது இதனைப் பேசினார். பின்னர் டக்கார் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய க. ப. அறவாணன், ஆப்பிரிக்க மொழிகளையும் வாழ்வியலையும் திராவிடத்தோடு ஒப்பிட்டு நூல் எழுதினார். இம்முயற்சியை எள்ளி ஒதுக்குவாரும் உளர். யாம் அவ்வாறு ஒதுக்கத் துணியோம்.

செங்கோரின் வேட்கை பிறந்த சூழலை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஆப்பிரிக்கர்க்கு வரலாறே இல்லை என்னும் எண்ணம் அயலவர் ஆட்சியில் அம்மக்களுக்கே ஊட்டப்பட்டது. 1930-களில் பாரிசு நகரிற் பயின்ற ஏமே செசேர், செங்கோர், லெயோன் தாமா ஆகியோர், இழிசொல்லாக வழங்கிய ஒன்றினின்றே 'நெக்ரித்தூது' என்னும் பெருமைச் சொல்லை ஆக்கிக்கொண்டனர். 1954-இல் சேக் அந்தா தியோப், பழைய எகிப்திய நாகரிகம் கறுப்பினத்தாரதே என வாதிட்டு நூல் வெளியிட்டார். 1856-இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தபின் தமிழர் எய்திய பெருமிதத்தை உன்னுவார்க்கு, செங்கோர் தமிழ்நாட்டை நோக்கிக் கை நீட்டியதன் காரணம் இனிது விளங்கும்.

ஆயினும், மொழியுறவை நிறுவக் கால்டுவெல் காட்டிய நெறி ஒலிமாற்றங்களின் ஒழுங்கை வேண்டுவது. உதிரியான சொல்லொப்புமைகள் அதற்குப் போதா. ஒட்டுநிலை அமைப்போ துருக்கி மொழிக்கும் உண்டு! வோலோப் மொழியில் பெயர்ச்சொற்கள் பல வகுப்பினவாய், தம்மைத் தொடரும் சுட்டின் மெய்யொலியால் வகுப்பு உணர்த்தும். தமிழின் திணைப் பாகுபாடோ பொருள் பற்றியது. செயப்படுபொருள் அங்கு வினைக்குப் பின்னும் ஈண்டு முன்னும் நிற்கும். இவ்வளவு வேற்றுமைக்கிடையே ஓரினமெனச் சாதிப்பது அரிது. நாளை ஒருவர் இச்சொற்பட்டியல்களை மறுத்துவிடின், அவற்றின்மேல் எழுப்பிய பெருமையும் உடன் சரியுமன்றோ?

உறவுக்கு வேறொரு சான்று நம் காலடியிலேயே கிடக்கின்றது. மதுரைக்குத் தெற்கே காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகளின் கரிசற் புன்செய்களை அறிந்தார், அங்குக் கம்பும் சோளமும் உழவர்தம் உயிர்நிலையாய் இருந்தமையை அறிவர். கம்மங்கூழ் உண்ணாத குடி அந்நாளில் அங்கு அரிது. இவ்விரண்டும் ஆப்பிரிக்காவில் தோன்றிய பயிர்கள். கேழ்வரகும் தட்டைப்பயறும் அத்தகையனவே. ஏறத்தாழ 4500 ஆண்டுகட்கு முன் கம்பு பயிரிடப்பட்டமைக்கு மாலி நாட்டின் வடகிழக்கில் மட்கலத் தடயங்கள் கிடைத்துள்ளன. கருநாடகத்து ஹள்ளூரில் அகழ்ந்தெடுத்த கம்பு மணிகள் 3000 ஆண்டுகட்கும் முற்பட்டவை. ஆகவே, நம் மானாவாரி உழவன் தன் முன்னோர் சொத்தெனக் கருதும் விதை, பெயரறியாத ஆப்பிரிக்க உழவன் ஒருவன் தேர்ந்து வளர்த்ததாகும். செங்கோரும் அறவாணனும் இத்தடத்திற் சென்றிருப்பின் அவர்தம் கொள்கை வலுப்பெற்றிருக்கும் என்பது எம் துணிபு.

இதனைக் குருதியுறவுக்குச் சான்றாக்கலும் ஆகாது. வோலோப் மொழியில் கம்பைத் 'துகுப்' என்பர். நம் சொல்லோடு இதற்கு ஒலியொப்புமை யாதும் இல்லை. இடையே எத்தனையோ நாடுகளும் நாவுகளும் உள்ளமையின், பயிர் பெயரையும் உடன்கொண்டு வந்திருக்கும் என எதிர்பார்த்தலும் பொருந்தாது. செங்கோர் செரேர் இனத்தவர். அவ்வின உழவர்க்கும் வழிவழி உணவாய் இருந்தது கம்பே.