சின்னப் பந்தும் பெரிய அப்பாக்களும்

ஹாஸ்யக் கதையில் ஒருவரை வழுக்கி விழச் செய்வது சுலபம். விழுந்தவருக்கு எங்கே வலித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'சிம்ப்ஸன்ஸ்' என்ற கேலிச்சித்திரத் தொடரில், 1990 நவம்பரில் வந்த 'டெட் புட்டிங் சொஸைட்டி' அப்படிப்பட்ட அபூர்வக் கதை. எழுதியவர் ஜெஃப் மார்ட்டின்.

கதை நடப்பது மினியேச்சர் கால்ஃப் மைதானத்தில். கால்ஃப் ஆட விஸ்தாரமான புல்வெளி வேண்டும். நிறையப் பணமும் வேண்டும். இந்தக் குட்டி ஆட்டத்துக்கு ஒரு சிறு தோட்டம் போதும். வளைவும் சரிவும் பொம்மைக் காற்றாலையுமாகத் தடைகள் இருக்கும். அவற்றைத் தாண்டிப் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழச் செய்ய வேண்டும். 1930-ல் அமெரிக்கா முழுவதும் இதில் பைத்தியமாக இருந்தது. பலம் தேவையில்லாததால், தாத்தாவும் பேத்தியும் சரிசமமாக நின்று ஆடலாம். ஆட்டத்தின் அழகே அதுதான்.

அந்த அழகை இரண்டு அப்பாக்கள் எப்படிக் கெடுக்கிறார்கள் என்பதே கதை. ஹோமருக்குப் பக்கத்து வீட்டு ஃப்ளாண்டர்ஸைக் கண்டால் பொறாமை. குழந்தைகளோடு ஆடப் போன இடத்தில் அவரையும் அவர் பிள்ளை டாடையும் சந்திக்கிறார். சிறுவர் போட்டி ஒன்று வரப்போகிறது என்று தெரிகிறது. பிள்ளைகளைப் பற்றிய பெருமைப் பேச்சு பந்தயத்தில் போய் முடிகிறது. எந்தப் பையன் ஜெயிக்கவில்லையோ, அவனுடைய அப்பா மனைவியின் கவுனை அணிந்து அடுத்த வீட்டுப் புல்லை வெட்ட வேண்டும்! அன்றிலிருந்து ஹோமர் தம் பிள்ளை பார்ட்டுக்கு அளிக்கும் பயிற்சி, டாடின் படத்தைத் தினமும் 15 நிமிஷம் வெறுப்போடு உற்றுப் பார்ப்பது. சிரிப்பு வருகிறது, கூடவே வயிற்றைக் கலக்குகிறது. பரீட்சை மார்க்கைச் சொல்லி அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டும் நாமும் அந்தப் பயிற்சியைத்தானே கொடுக்கிறோம்?

கடைசிக் குழியில் இருவரும் சமமாக நிற்கிறார்கள். சாதாரணக் கதாசிரியராக இருந்தால் ஒருவனை ஜெயிக்க வைத்திருப்பார். மார்ட்டின் அந்த முடிவைப் பையன்களிடம் விட்டுவிடுகிறார். நடுங்கிக்கொண்டிருக்கும் அந்த இருவரும் தங்களுக்குள் பேசி, ஆட்டம் சமம் என்று முடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள் பறித்துக்கொண்ட விளையாட்டைக் குழந்தைகள் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடம் அது. பந்தயத்தின் வாசகமும் இங்கேதான் வேலை செய்கிறது. இருவரும் ஜெயிக்கவில்லை; ஆகவே இரண்டு அப்பாக்களும் கவுன் அணிந்து புல் வெட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. மனைவியின் உடையை அணிவது அவமானம் என்ற எண்ணத்தைத்தான் பந்தயம் நம்பியிருக்கிறது. ஆனால் இந்த ஆட்டத்தின் பூர்வீகம் என்ன? பெண்கள் கட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது அழகல்ல என்று கருதிய காலத்தில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், 1867-ல், மெல்லத் தட்டி மட்டும் ஆடுவதற்குப் பெண்களுக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. பெண்களுக்காக வகுத்த ஆட்டத்தில் பெண்ணுடையே தண்டனை! இந்த வேடிக்கையை மார்ட்டின் தொட்டிருந்தால் கதை இன்னும் ஆழமாகியிருக்கும்.

ஆனாலும் கடைசி நிமிஷத்தில் அவர் பாதி தப்பிவிடுகிறார். கவுனில் நிற்கும் ஃப்ளாண்டர்ஸ் வெட்கப்படுவதில்லை. கல்லூரி நாட்களை நினைத்துக் குதூகலிக்கிறார். ஹோமருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அவமானப்பட மறுப்பவனை எந்தப் பந்தயத்தாலும் தோற்கடிக்க முடியாது. இதை ஒரு வார்த்தைகூட உபதேசம் செய்யாமல் சொல்லியிருக்கிறார். குழந்தைகளோடு சேர்ந்து பார்த்துச் சிரிக்கலாம். சிரிப்பு அடங்கியதும் பெற்றோர் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.