ஆச்சி வராத தெரு

ஜெயமோகனின் 'அறம்' வரிசைக் கதைகள் 2011இல் அவருடைய இணையதளத்தில் அடுத்தடுத்து வந்தபோது நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். விடுதி அறையில் ஒரு லேப்டாப், அதைச் சுற்றி நாலு பேர். 'யானை டாக்டர்' படித்த ராத்திரி ஒருத்தன், "மச்சான், நான் ஐ.டி.க்குப் போகல, ஏதாவது தொண்டு நிறுவனத்துல சேரப்போறேன்" என்றான். சேரவில்லை. இப்போது டெக்சாஸில் இருக்கிறான். நானும் சேரவில்லை. சம்பளம் வர ஆரம்பித்ததும் மாதாமாதம் நன்கொடை அனுப்ப ஆரம்பித்தேன். அந்தத் தொகுப்பு எங்கள் தலைமுறைக்குச் செய்தது இதைத்தான்: தியாகத்தின் மேல் ஒரு பெரிய மரியாதையை உண்டாக்கியது.

சமீபத்தில் அதைத் திரும்பப் படித்தேன். இந்த முறை என்னோடு சேர்ந்து படித்தது என் அத்தை.

எங்கள் ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கம் இருப்பது அல்ல, ராஜபாளையத்துக்குக் கிழக்கே, அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம். 1970இல் தொடங்கிய ஆலை. அங்கே நிரந்தர வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். 1936ஆம் வருட ஊதியச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவான தொழிலகம் ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டியிருந்தது. ஏழாம் தேதி தாண்டினால் கேட்பதற்குச் சங்கம் இருந்தது.

அத்தைக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது. சுற்றுவட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போன பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பள்ளி நடத்திய ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினேழு வருஷம் வேலை பார்த்தார். பெயர் வேண்டாம். "சம்பளம் வந்துருச்சா அத்த?" என்றால், "புராஜெக்ட் ஃபண்டு இன்னும் வரலய்யா" என்பார். அதைச் சம்பளம் என்றுகூட அங்கே சொல்வதில்லை, மதிப்பூதியம். வவுச்சரில் மூவாயிரத்துக்குக் கையெழுத்து, கையில் இரண்டாயிரத்து இருநூறு. மிச்சம் அவரே நிறுவனத்துக்குக் கொடுத்த நன்கொடையாகக் கணக்கில் ஏறிவிடும். பி.எஃப். கிடையாது. குறைந்த கூலிக்குப் பிள்ளைகளை வேலை வாங்காதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசிய பெண்ணின் கூலி இது.

அத்தையிடம் தலைப்புக் கதையை மட்டும் கொடுத்தேன். கதை தெரிந்ததுதான். பேசிய கூலிக்கு நூறு புத்தகங்கள் எழுதிக் கொடுத்த எழுத்தாளனுக்குப் பதிப்பாளர் மிச்சப் பணத்தைத் தர மறுக்கிறார், அவமானப்படுத்துகிறார். அவன் அந்த வீட்டு ஆச்சியின் முன்னால் போய், அறம் பாடிவிட்டு வருகிறான். ஆச்சி கொதிக்கும் தார் ரோட்டில் உட்கார்ந்துவிடுகிறாள். கணவன் முழுப் பணத்தையும் கொடுத்த பிறகுதான் எழுந்திருக்கிறாள்.

அத்தை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அந்த ஆச்சி ஊருக்குப் போயிருந்தா என்னய்யா ஆயிருக்கும்?"

இத்தனை வருஷம் எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. 'அறம்' என்ற சொல்லுக்கு அந்தக் கதையில் இருக்கும் பொருள் மிக எளிமையானது: சம்பள பாக்கி. தொகுப்பின் பெயரே ஒரு கூலிப் பிரச்சினையிலிருந்து வருகிறது. நாங்களோ அதை மறந்துவிட்டு யானை டாக்டரையும் 'ஓலைச்சிலுவை'யின் சாமர்வெல்லையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். யானை டாக்டருக்கு மாதிரியான டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வனத்துறையில் சம்பளம் வாங்கிய அரசு மருத்துவர். நெய்யூரில் சாமர்வெல்லுக்குப் பின்னால் லண்டன் மிஷன் இருந்தது. அவர்களுடைய தியாகம் இதனால் குறைந்துவிடாது. ஆனால் அந்தத் தியாகம் நிற்பதற்குக் கீழே ஒரு தரை இருந்தது. கதைகள் அந்தத் தரையைப் பார்ப்பதில்லை, அதைப் பார்க்க அவை எழுதப்படவும் இல்லை. பார்த்திருக்க வேண்டியவர்கள் வாசகர்களாகிய நாங்கள்.

தலைப்புக் கதைக்கு வேறொரு எல்லை இருக்கிறது. அங்கே கூலி கிடைப்பதற்கு இரண்டு அதிசயங்கள் தேவைப்படுகின்றன. பாதிக்கப்பட்டவனுக்குப் பாட்டுக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். முதலாளி வீட்டில் மனசாட்சியுள்ள ஒருத்தி இருக்க வேண்டும். என் அத்தைக்கு வெண்பா வராது. செயலாளரின் மனைவியோ நிறுவனத்தின் பொருளாளர். கதையாக அது உச்சம்தான், நானும் அழுதிருக்கிறேன். ஆனால் வாங்கவேண்டிய கூலியை அது அருளாக மாற்றிவிடுகிறது. ஆச்சி எழுந்தவுடன் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அடுத்த எழுத்தாளனுக்கு என்ன ஒப்பந்தம் என்று நாம் கேட்பதில்லை.

இதே கேள்வியை 1978இல் உச்ச நீதிமன்றம் கேட்டது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். லாபநோக்கு இல்லை என்பதாலேயே ஒரு நிறுவனம் தொழிற்தகராறு சட்டத்துக்கு வெளியே போய்விடாது என்றார். தர்மம் செய்வது முதலாளியாக இருக்கலாம், கூலிக்கு வந்தவருக்கு அது வேலைதான் என்பது அவர் வாதத்தின் சாரம். ஊழியர்களும் சம்பள நோக்கமின்றிச் சேவையாகவே வந்து சேரும் அமைப்புகளை மட்டும் அவர் தனியாக வைத்தார். யார் தியாகம் செய்கிறார், யார் தியாகம் செய்யவைக்கப்படுகிறார் என்ற வித்தியாசத்தை நம் கதைகளைவிட அந்தத் தீர்ப்பு தெளிவாகப் பார்த்தது.

பிறகு கதவு சாத்தப்பட்டது. தொண்டு நிறுவனங்களை விலக்க 1982இல் கொண்டுவந்த திருத்தம் நடைமுறைக்கு வரவேயில்லை. 2020இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த விலக்கை மறுபடி எழுதியது. அதே செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் திருத்தப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. பள்ளி ஆசிரியர், மருத்துவமனை டாக்டர் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர், மேலாளர் சம்பளம் சேரும்.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. பத்து வருஷமாக நன்கொடை தரும்போது நான் கேட்ட முதல் கேள்வி, "அட்மின் செலவு எத்தனை பர்சென்ட்?" குறைவாகச் சொன்ன இடத்துக்குத்தான் பணம் போனது. "உங்கள் ஒவ்வொரு ரூபாயும் குழந்தைகளுக்கே" என்ற வாசகத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆபீசில் ஒரு சர்வரைப் பராமரிக்க ஆளே வேண்டாம் என்று எவனாவது சொன்னால் சிரித்திருப்பேன். குழந்தைகளுக்குப் பாடம் நடத்த மட்டும் ஆள் சும்மா வந்துவிடுவார் என்று நம்பினேன். வவுச்சரில் காணாமல்போன அந்த எண்ணூறு ரூபாய்க்கு என்னைப் போன்ற ஒரு நன்கொடையாளன்தான் எங்கேயோ சந்தோஷப்பட்டிருப்பான்.

இலக்கியமும் இதில் வருகிறது. சிறுபத்திரிகையிலிருந்து இணைய இதழ் வரை நம் மரபு பெரும்பாலும் காசு வாங்காமல்தான் நடக்கிறது. இதை எழுதுவதற்கு எனக்குப் பணம் வேண்டாம், எனக்குச் சாஃப்ட்வேர் சம்பளம் இருக்கிறது. அந்தத் தரையின் மேல் நின்றுகொண்டு நான் தாராளமாக இருக்கலாம். ஆனால் மெய்ப்புப் பார்க்கும் பையனுக்கும் அட்டை வடிவமைக்கும் பெண்ணுக்கும் இலக்கியச் சேவை என்று சொல்லும்போது, நாம் அவர்களிடம் மதிப்பூதியம் பேசுகிறோம்.

'அறம்' இன்னும் எனக்குப் பிடித்த தொகுப்புதான். யாராவது கேட்டால் முதலில் தலைப்புக் கதையைக் கொடுக்கிறேன், யானை டாக்டரை அப்புறம். நன்கொடை கேட்பவர்களிடம் என் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: ஊழியர்களுக்கு எந்தத் தேதியில் சம்பளம் போடுகிறீர்கள், பி.எஃப். பிடிக்கிறீர்களா? இதைக் கேட்டதும் ஒருவர் போனை வைத்துவிட்டார். ஒரு அம்மா மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், இதை யாரும் கேட்டதே இல்லை" என்றார்.

அத்தையிடம் சொன்னேன். "எங்க ஆபீசுக்கும் ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல" என்றார்.