'எங்கள்' என்னும் சொல்லும் சபையின் பொது ஜெபமும்

கர்த்தர் தம் சீஷருக்குக் கற்பித்த ஜெபத்தில் 'என்' என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. அறைக்குள் சென்று கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவரே (மத். 6:6), சில வசனங்களுக்குள் பிதாவை 'எங்கள்' என்று அழைக்கக் கற்பிக்கிறார். தனித்திருந்து ஜெபிப்பவனும் சபையோடு நின்றே ஜெபிக்கிறான் என்பது இதனால் பெறப்படும். அங்ஙனமாயின், சபை கூடிவந்து செய்யும் ஜெபம் பலருடைய தனி ஜெபங்களின் தொகுப்பாக இருத்தல் இயலாது. அது ஒரே சரீரத்தின் குரலாகும். கடலூர் செம்மண்டலம் தொடங்கிச் சிதம்பரம் வரையுள்ள நம் சபைகளின் வழக்கத்தை இவ்வுண்மையின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழ் இலக்கணமே ஓர் உரைகல்லைத் தருகிறது. கிரேக்கத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே வடிவம்தான் உண்டு. தமிழிலோ இரண்டு உள. கேட்பவரையும் சேர்த்துக் கூறுவது 'நாம்'. கேட்பவரை நீக்கிப் பேசுவோரை மட்டும் குறிப்பது 'நாங்கள்'. பிரசங்கத்தில் கேட்போர் சபையார். ஆகவே போதகர் 'நாம்' என்கிறார். ஜெபத்தில் கேட்பவர் தேவன். ஆகவே சபை 'நாங்கள்' என்கிறது. ஜெபத்தை நடத்துபவர் எச்சொல்லை ஆளுகிறார் என்பதைக் கவனித்தால், அவர் யாருக்காக, யாரிடம் பேசுகிறார் என்பது விளங்கிவிடும்.

இவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்க்கும்போது மூன்று குறைகள் புலப்படுகின்றன.

முதலாவது, 'நாங்கள்' நிற்கவேண்டிய இடத்தில் 'நான்' வந்து நிற்பது. ஜெபிப்பவர் தம் அனுபவத்தையும் உணர்ச்சியையும் விரித்துரைக்க, சபையார் பார்வையாளராகி விடுகின்றனர். சொல்லப்பட்டதை உணராதவன் எவ்வாறு ஆமென் சொல்லுவான் என்று பவுல் கேட்கிறார் (1 கொரி. 14:16). ஆமென் என்பது ஜெபம் முடிந்ததற்கான அடையாளம் அன்று. சபை அதைத் தன் ஜெபமாக ஏற்றுக்கொள்ளும் கையொப்பம். கிறிஸ்தவக் கூட்டு வாழ்வைக் குறித்து 1939-இல் நூல் வெளியிட்ட போன்ஹோஃபரும், பொதுவில் ஜெபிப்பவர் தமக்காக அன்றிக் கூடியிருப்போர் அனைவரின் ஜெபத்தையே ஏறெடுக்க வேண்டுமென வற்புறுத்துகிறார். அதற்கு அவர்களுடைய அன்றாட வாழ்வை அவர் அறிந்திருத்தல் வேண்டும். வீடு சந்திக்காத போதகர் பொது ஜெபத்தை நடத்துவது அரிது.

இரண்டாவது, 'நாம்' இடையில் நுழைவது. கண்களை மூடிக்கொண்டே கண்டனமும் அறிவுரையும் காணிக்கை நினைவூட்டலும் செய்யப்படுவதை நாம் அறிவோம். பிரசங்க பீடத்தில் சொல்லத் துணியாததை ஜெபத்தில் சொல்லுவது எளிதாயிருக்கிறது. ஏனெனில் அங்கே எவரும் மறுமொழி கூறமாட்டார். தேவனிடம் பேசுவதுபோல் மனிதரைச் சாடுவது ஜெபம் ஆகாது.

மூன்றாவது குறையே மிகக் கொடியது. 'நாங்கள்' என்னும் சொல் சரியாகவே ஒலிக்கிறது. ஆனால் அதன் எல்லை குறுகிவிடுகிறது. தேவனை நோக்கும்போது மட்டுமே நீக்கற்பொருள் உடைய இச்சொல், அயலானையே நீக்கும் சொல்லாகி விடுகிறது. நம் வட்டாரத் திருச்சபை வரலாறே இதற்குச் சான்று. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ், சபையில் சாதி வேற்றுமைக்கு இடமளிக்கலாகாது என்ற கருத்து வேறுபாட்டால் அம்மிஷனை விட்டுப் பிரிந்து, 1861-இல் மேல்பட்டாம்பாக்கத்தில் ஊழியத்தைத் தொடங்கினார். பின்னர் அவ்வூழியத்தை டேனிஷ் மிஷனெரி சங்கம் ஏற்றது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதிலிருந்தே வளர்ந்தது. ஒரே பந்தியில் அமர மறுப்போர் ஒரே பிதாவை 'எங்கள்' என்று அழைக்க முடியுமா என்பதே அப்பிரிவின் அடியில் கிடந்த வினா. தில்லைக்கு அருகில் வாழும் நாம் நந்தனார் வரலாற்றை அறிவோம். அதைக் காட்டிப் பிறரைக் குறை கூறுவது எளிது. நம் ஆலய இருக்கைகளும் கல்லறைத் தோட்டங்களும் திருமண உறவுகளும் அதே வினாவை நம்மிடம் கேட்கின்றன.

எல்லை குறுகுதல் சபைக்கு உள்ளே மட்டும் நிகழ்வதன்று. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குரிய காலை வேளையில் எழுந்த ஆழிப்பேரலை, கடலூர் மாவட்டக் கடற்கரையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அத்தகைய நாளில் 'எங்களைக் காத்தீர்' என்று நன்றி கூறும் சபை, கரையோரத்து மீனவக் குடும்பங்களைத் தன் 'எங்கள்' என்னும் சொல்லுக்குள் சேர்க்கிறதா? தானியேல் தன்னைக் குற்றமற்றவனாகப் பிரித்துக்கொள்ளாமல், ஜனத்தோடு நின்று 'நாங்கள்' பாவஞ்செய்தோம் என்று அறிக்கையிட்டான் (தானி. 9). ஜனம் முழுவதும் கூடிப் புலம்பும் சங்கீதங்கள் (44, 74, 79, 80) திருமறையில் உள. ஆயினும் நம் ஆராதனையில் நன்றிக்கு உள்ள இடம் புலம்பலுக்கு இல்லை.

எழுதப்பட்ட ஜெபமா, தன்னியல்பான ஜெபமா என்னும் பழைய வாதம் இவற்றைத் தீர்க்காது. எழுதப்பட்டதை உதடு மட்டும் உச்சரிக்கலாம்; தன்னியல்பானதும் தேய்ந்த சொற்றொடராகலாம். தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் உருவாக்கிய திருவிருந்து ஆராதனை முறை, சபையாரின் மறுமொழிகளுக்கும் சமாதானம் பகிர்தலுக்கும் இடமளித்தது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் சமாதானம் செல்லும்போது, 'நாங்கள்' யார் என்பதைச் சபை தொட்டு அறிகிறது. இம்முறைமையைப் பயன்படுத்தும் விதமே சீர்பட வேண்டும்.

எனவே, பரிந்துரை ஜெபத்தைப் போதகர் ஒருவரே சுமத்தல் ஆகாது. வயலிலும் கடலிலும் மருத்துவமனையிலும் உழைப்போர் வாரந்தோறும் முறைவைத்து அதை ஆயத்தம் செய்யட்டும். ஊரின் துயரங்கள் பெயரோடு சொல்லப்படட்டும். இடையிடையே அமைதி நிலவட்டும். ஒவ்வொரு மன்றாட்டின் முடிவிலும் சபை வாய்திறந்து மறுமொழி கூறட்டும். இறையியல் மாணவர் பிரசங்கம் ஆயத்தம் செய்யும் அளவுக்கேனும் பொது ஜெபத்தை ஆயத்தம் செய்யப் பழகட்டும். ஆதித்திருச்சபை ஒருமனப்பட்டு ஜெபித்தபோது அவர்கள் கூடியிருந்த இடம் அசைந்தது (அப். 4:24, 31). அங்கு விசுவாசிகளின் உடைமைகளும் பொதுவாயிருந்தன என்று அடுத்த வசனம் கூறுவதை நாம் மறத்தலாகாது.