48 வயதில் 16 பார்

"16 பாரா? ஒரே ராத்திரியிலயா?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆடிஷன் அறிவிப்பை நான் வாய்விட்டுப் படித்ததுதான் தப்பு. மேற்கத்திய இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் தாளக் கட்டத்துக்குப் பெயர் பார், நம்ம ஆவர்த்தனம் மாதிரி என்று விளக்கினேன். "16 ஆவர்த்தனம்னா நீ தொண்டையச் செருமவே பத்தாதே" என்றுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

நியாயமான சந்தேகம்தான். மெதுவான பாட்டாக இருந்தால்கூட 16 பார் ஒரு நிமிடத்தைத் தொட்டால் அதிகம். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குப் பாட்டுத் தேடும் சுகம் இருக்கிறதே! கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதெல்லாம் அதன் கால்தூசு பெறாது. இரண்டு மாதம் நான் தரையில் நடக்கவில்லை. பஸ்ஸில் முணுமுணுப்பு, பார்மஸியில் மாத்திரை எண்ணும்போது முணுமுணுப்பு. ஒரு தாத்தாவுக்கு மருந்துப் பையோடு அரைப் பல்லவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். வடமேற்கு லண்டனில் எங்கள் வட்டாரத்து அமெச்சூர் குழு ஒன்று 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' இசை நாடகம் போடப்போகிறது. பகலில் வேலைக்குப் போய்விட்டு, ராத்திரி சர்ச் ஹாலில் ஒத்திகை பார்க்கிற கூட்டம். முதல் சுற்றுக்கு நம் விருப்பப் பாட்டு, 16 பார், அந்த நாடகத்துப் பாட்டாக மட்டும் இருக்கக் கூடாது. பியானோ வாசிக்க ஆள் இருப்பார், இசைத்தாளை நாம் கொண்டுபோக வேண்டும்.

இதற்கு முன்னால் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். 2002-இல் அப்போலோ விக்டோரியா தியேட்டரில் ஏ.ஆர். ரஹ்மானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' பார்த்ததிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம். 2006-இல் அதே மேடைக்கு 'விக்கெட்' வந்தது. முதல் பாதி முடிவில் நாயகி எல்ஃபபா பாடிக்கொண்டே உயரே எழும்பும் 'டிஃபையிங் கிராவிட்டி'யைக் கேட்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சில வருடம் கழித்து என் முதல் ஆடிஷன் வந்தபோது வேறு எதைப் பாடுவேன்?

எனக்கு முன்னால் போன இரண்டு பெண்களும் அதையேதான் பாடினார்கள். நான் கொண்டுபோனதோ தனித்தனி ஜெராக்ஸ் தாள்கள். இரண்டாவது பக்கம் பியானோவிலிருந்து நழுவிக் கீழே போனது. அது போதாதென்று, புதுக்கோட்டையில் பத்து வருடம் வாய்ப்பாட்டுக் கற்ற பழக்கத்தில் என் வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. தேர்வுக் குழுவில் ஒருவர் என் முகத்தை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சியில் குரல் பிளந்தது. "ரொம்ப நன்றி" என்றார்கள். ஆங்கிலேயர்கள் ரொம்ப நன்றி சொன்னால் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

அந்த அடிக்கு அப்புறம்தான் பாட்டுத் தேர்வு தனி வித்தை என்று புரிந்தது. முதலில் சுருதி. நம் கச்சேரியில் பாடுகிறவர் வைத்ததுதான் சுருதி. எனக்கு ஐந்து கட்டை என்றால் தம்பூராவும் வயலினும் மிருதங்கமும் அதற்கு இறங்கி வரும். இங்கே தாளில் அச்சாகியிருக்கும் சுருதிக்கு நாம் ஏற வேண்டும். 'ஷி லவ்ஸ் மீ' நாடகத்தில் 'வனில்லா ஐஸ்கிரீம்' என்று ஒரு பாட்டு, பார்பரா குக் முதன்முதலில் பாடியது. கேட்டால் நாக்கில் தேன் சொட்டும். ஆனால் கடைசியில் அவர் தொடும் இடத்தை என் ஐந்து கட்டையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேல் ஷட்ஜத்துக்கும் மேலே இன்னொரு ஷட்ஜம் வைத்து, அதற்கும் மேலே காந்தாரம்! இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டேன்.

அடுத்து, பியானோக்காரர். அவர் நம் தாளை அந்த நிமிடம்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். எங்கள் ஊர்ப் பக்கம் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் நடக்கும். வள்ளி ஓர் ஊர், முருகன் ஓர் ஊர், ஒத்திகையே கிடையாது. யார் எந்தப் பாட்டை எடுத்தாலும் ஆர்மோனியக்காரர் பிடித்துக்கொள்வார். ஆடிஷன் பியானோக்காரரும் அந்த ஜாதிதான். அதற்காக சோன்ட்ஹைமின் 'கெட்டிங் மேரிட் டுடே'யை அவர் முன்னால் விரிப்பது மகாபாவம். மூச்சுவிட இடமில்லாத பாட்டு அது. பாடுகிறவர் தடுக்கினால் அவர் வேலைபோச்சு, வாசிக்கிறவர் தடுக்கினாலும் பாடுகிறவர் வேலைதான் போச்சு.

16 பாரை எங்கே வெட்டுவது என்பது இன்னொரு கணக்கு. பழைய பாட்டுகள் பலவற்றுக்கு 32 பார்தான் உடம்பு, எட்டெட்டாக நான்கு துண்டு. முதல் மெட்டு, மறுபடி அதே மெட்டு, மூன்றாவது துண்டில் வேறு திசை, நான்காவதில் வீடு திரும்பல். 1939-இல் வந்த 'ஓவர் த ரெயின்போ'வை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் பிடிபடும். கடைசி இரண்டு துண்டை மட்டும் வெட்டி எடுத்தால் சரியாக 16! சரணத்தில் எடுத்துப் பல்லவியில் வந்து உட்கார்கிற மாதிரி, கதையின் திருப்பமும் முடிவும் அதற்குள் வந்துவிடும். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, எந்தப் பாட்டு? 'ஃபிட்லர்' நாடகத்தில் எனக்குக் கண் கோல்டே மேல். பால்காரர் டெவியேயின் மனைவி, ஐந்து பெண்களைப் பெற்றவள். சனிக்கிழமை இசைத்தாள் கடைக்குப் போய், பெட்டி பெட்டியாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'ஷி லவ்ஸ் மீ' புத்தகம் மறுபடி கையில் வந்தது. வனில்லா ஐஸ்கிரீம்தான் வேண்டாமே என்று வைக்கப்போனவள், அட்டையில் பெயரைப் பார்த்தேன். இசை ஜெரி பாக், பாட்டு ஷெல்டன் ஹார்னிக். 'ஃபிட்லர்' எழுதிய அதே ஜோடி! இது 1963, அது 1964. அந்த நாடகத்துப் பாட்டு வேண்டாம் என்றுதானே சொன்னார்கள், அந்தப் பேனா வேண்டாம் என்று சொல்லவில்லையே. கடையிலேயே சிரித்துவிட்டேன்.

உள்ளே 'வில் ஹி லைக் மீ' இருந்தது. புடாபெஸ்டில் ஒரு வாசனைத் திரவியக் கடை. அங்கே வேலைபார்க்கும் அமாலியா, முகம் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதி எழுதியே காதலிக்கிறாள். 'காதல் கோட்டை' பார்த்த நமக்கு இந்தத் தவிப்பு புதிதா என்ன! இன்று ராத்திரி அவரை நேரில் பார்க்கப் போகிறாள். கடிதத்தில் தெரிந்த என்னைப் பிடித்திருந்தது, எதிரில் வந்து நிற்கும் என்னைப் பிடிக்குமா? அவ்வளவுதான் பாட்டு. அலறல் இல்லை, ஆகாயத்தில் பறப்பது இல்லை. இருபது சொச்சம் வயதுப் பெண்ணின் பாட்டு. 48 வயதில் நான் பாடலாமா?

அப்போதுதான் பொறி தட்டியது. 'ஃபிட்லர்' நாடகத்தில் கோல்டேக்கும் டெவியேக்கும் ஒரு பாட்டு உண்டு, 'டூ யூ லவ் மீ'. கல்யாண நாளன்றுதான் முதல்முதலாக ஒருவரையொருவர் பார்த்தவர்கள் அவர்கள். 25 வருடம் கழித்து அந்த மனிதர் திடீரென்று, என்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறார். அவள் சமையலையும் துணி துவைத்ததையும் சொல்லி நழுவிப் பார்க்கிறாள். அமாலியா கேட்கும் கேள்வியைக் கேட்க நேரமே கிடைக்காமல் கல்யாணம் ஆனவள் அல்லவா கோல்டே? எழுதியது அதே இருவர், அடுத்தடுத்த வருடம், ஒரே கேள்வியின் இரண்டு நுனி!

எனக்கும் போட்டோ பார்த்து முடிவான கல்யாணம். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடி என்னப் பத்தி என்ன நெனச்சீங்க?"

நெடுநேரம் யோசித்தார். "போட்டோல உயரமாத் தெரிஞ்ச."

"அப்புறம்?"

"அப்புறம் நேர்ல பாத்தேன். பரவால்லன்னு விட்டுட்டேன்."

போதும், எனக்குப் பாட்டு கிடைத்துவிட்டது. ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கிய பிரதியை இணையத்தில் வாங்கினேன். மெட்டைத் தொடாமல் ஒரு வாரம் வெறும் வசனமாகச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரம் அதையே என் சொந்தத் தமிழில், மாடிப்படிக் கண்ணாடியைப் பார்த்து, பெண்பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு. கமகம் எட்டிப் பார்த்த இடமெல்லாம் பென்சிலால் வட்டம். நீளும் ஸ்வரத்தை அசைக்காமல் நிறுத்துவதுதான் எனக்குப் பெரும்பாடு.

ஆடிஷன் அன்றைக்கு ரிங் ஃபைலில் தாள்களை முன்னும் பின்னுமாக அச்செடுத்து வைத்திருந்தேன். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை கிடையாது, விளக்கு வெளிச்சம் பட்டால் எழுத்து தெரியாது. பியானோ அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். விரலைச் சொடுக்கி வேகம் காட்டுவது அவமரியாதை என்று படித்திருந்ததால், குனிந்து முதல் வரியை மெல்லப் பாடிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நல்ல பாட்டு, யாருமே கொண்டுவர மாட்டார்கள்" என்றார். அந்த நிமிடமே நான் பாஸாகிவிட்ட மாதிரி இருந்தது.

பாடினேன். கை இரண்டும் முந்தானையைப் பிடித்திருந்ததால் தாளம் போடவில்லை. கடைசி ஸ்வரம் அசையாமல் நின்று, தானாக அடங்கியது. குழுவில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இவரையே மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தீர்களா?" என்று சுவரில் ஒட்டியிருந்த டெவியே படத்தைக் காட்டினார். ஐயோ, அந்தக் கேள்விக்கு நான் என் வீட்டையே எழுதிவைப்பேன்!

கோல்டே எனக்குக் கிடைக்கவில்லை. யென்டே கிடைத்தது. ஊரெல்லாம் வரன் பார்த்துவைக்கும் தரகு அம்மா. "பொருத்தமான ஆளைத்தான் புடிச்சிருக்காங்க" என்றார் வீட்டுக்காரர்.

அடுத்த வருடம் 'மை ஃபேர் லேடி'யாம். என் வயதுக்கு அதில் ஹிக்கின்ஸின் அம்மா இருக்கிறாள். அவளுக்கு ஒரு பாட்டுகூடக் கிடையாது, ஆனாலும் ஆடிஷனில் பாடித்தானே ஆக வேண்டும்! அதை எழுதிய லெர்னர், லோ ஜோடி 1947-இல் 'பிரிகடூன்' எழுதியிருக்கிறார்கள், 1960-இல் 'கேமலாட்'. சனிக்கிழமை இசைத்தாள் கடைக்குக் கிளம்பிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு ஃபிரிட்ஜில் நேற்றைய சாம்பார் இருக்கிறது என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்.